மோகனாவுக்குக் கைதட்டல்

ஹரீஷ் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில், படியேற முடியாதவர்களுக்காக ஒரு சாய்வுப் பாதை போட்டிருந்தது. ஹரீஷ் தன் இரண்டு சக்கர மோட்டோவை நிறுத்துவது அதன் மேல்தான்.

கண்ணாடிக் கதவில் 'எல்லா உடலுக்கும் இங்கே இடம் உண்டு' என்று பெரிதாக ஒட்டியிருந்தார்கள். மோகனா முதல் நாள் அதைப் படித்துவிட்டு மோட்டோவைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் மொத இடம் கொடுத்திருக்கான்போல" என்று லைலாவிடம் சொன்னாள்.

லைலாவுக்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. நின்று நின்றே முழங்கால் தேய்ந்துபோனவள். அவள்தான் மோகனாவை அங்கே அழைத்து வந்தாள். மோகனா கப்பல் ஏஜெண்ட் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்த்தவள். போன வருடம் பக்கவாதம் வந்ததில் இடது கை பாதி செயலிழந்துவிட்டது; இடது கால் இழுத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அதில் அவள் கணவனுக்குச் சற்று வருத்தம்தான்.

ஹரீஷ் சுவர் முழுக்க இருந்த கண்ணாடியைப் பார்த்தபடிதான் வகுப்பு எடுப்பான். முதுகுதான் மாணவர்களுக்கு, முகம் அவனுக்கே. மோகனாவுக்கும் லைலாவுக்கும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டான்.

"ஆண்ட்டி, நீங்க ரெண்டு பேரும் முடிஞ்சதச் செய்யுங்க லா. என்ஜாய் பண்ணுங்க."

"முடிஞ்சதுன்னா எது தம்பி?"

"உங்க பாடியே சொல்லும் ஆண்ட்டி."

"என் பாடி ஒரு வருஷமா நான் சொல்றதையே கேக்கல. அது எனக்கு எங்க சொல்லப்போவுது?"

அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. எல்லோரும் குதித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மோகனா வலது காலை நகர்த்திவைத்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்ட ஹரீஷ் கூவினான்: "மோகனா ஆண்ட்டிக்கு ஒரு கைதட்டு!" எல்லோரும் திரும்பித் தட்டினார்கள். முதல் பல் முளைத்த குழந்தையைப் பார்க்கும் சிரிப்பு எல்லார் முகத்திலும். சற்று நேரம் கழித்து லைலா கூந்தலைச் சரிசெய்ய இரண்டு கைகளையும் தூக்கினாள். அதற்கும் கைதட்டல்.

அன்று திரும்பி வரும்போது லைலா தன் காடியை ஓட்ட, மோகனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியபோதுகூட அவளுக்கு இவ்வளவு கூசியதில்லை. ஆனாலும் மறு வாரமும் போனாள். கை சரியாக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது.

ஒரு சனிக்கிழமை, இரண்டு கைகளையும் உயர்த்தி இடுப்பைத் திருப்பச் சொன்னான் ஹரீஷ். இடது கையை என்ன செய்வதென்று கேட்க, பள்ளிக்கூடத்தில் கேட்பது மாதிரி மோகனா வலது கையைத் தூக்கினாள். கைதட்டல் எழுந்தது. அவள் கையை இறக்கவில்லை. கைதட்டல் கூடியது. யாரோ விசில் அடித்தார்கள். ஒரு பெண் போனில் படம் எடுத்தாள்.

"பாத்தீங்களா, விடாம தூக்கறாங்க! இதுதான் இன்ஸ்பிரேஷன்!" என்றான் ஹரீஷ்.

"பாட்ட நிறுத்து தம்பி."

பாட்டு நின்றது.

"நான் கேள்வி கேக்கக் கைய தூக்கினேன். இந்த இடது கைய வச்சுக்கிட்டு இப்ப என்ன செய்யணும்?"

"ஆண்ட்டி, நீங்க வர்றதே பெரிய விஷயம்."

"பெரிய விஷயம் இருக்கட்டும். வா, இந்த நாற்காலியில உக்காரு. இடது கைய பாக்கெட்டுல போடு. இப்ப சொல்லிக் கொடு."

ஹரீஷ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். வலது கையைத் தூக்கினான். இறக்கினான். மறுபடியும் தூக்கினான்.

"அப்புறம்?"

இடுப்பைத் திருப்பினான். நாற்காலி வழுக்கியது.

"அப்புறம்?"

"அப்புறம்... நல்லா மூச்சு விடுங்க."

"அத நான் வீட்டிலேயே விட்டுக்குவேன் லா."

இதுவரை தட்டியவர்களே இப்போது சிரித்தார்கள். ஹரீஷுக்கு முகம் கறுத்தது. "உங்களுக்குன்னு தனியா ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறேன் ஆண்ட்டி. புதன்கிழமை மத்தியானம்."

"ஏன், எங்ககிட்டருந்து இவங்களுக்கு ஒட்டிக்குமா?"

மோகனா நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு நடந்தாள். லைலாவும் தன் நாற்காலியை இழுத்தாள். முன்வரிசை விலகி வழிவிட்டது. இருவரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அதற்கும் ஹரீஷுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த வகுப்பில் நாற்காலிகள் மறுபடியும் தூணுக்குப் பின்னால் போயிருந்தன. மறுபடியும் இழுத்து வந்தார்கள். பிறகு யாரும் அவற்றை நகர்த்தவில்லை.

கண்ணாடியில் தன்னை முழுதாகப் பார்க்க முடியாமல் போனதும் ஹரீஷ் வேறு வழியின்றி வகுப்பின் பக்கம் திரும்பினான். முன்வரிசைப் பெண்ணுக்கு மூச்சிரைப்பதையும், தடித்த மனிதர் ஒருவர் மாதக்கணக்கில் தப்பான காலைத் தூக்கிவந்ததையும் அன்றுதான் பார்த்தான். பிறகு எங்கே போய் யாரிடம் கேட்டானோ, முறுமுறுத்துக்கொண்டே சொல்லித்தர ஆரம்பித்தான்: "நிக்கறவங்க இப்படி. உக்காந்தவங்க இப்படி. கை வராதவங்க, நல்ல கையால அதப் பிடிச்சுத் தூக்குங்க. மெதுவா." தடித்த மனிதரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மோகனாவின் சட்டை முதல் முறையாக வியர்வையில் நனைந்தது.

சில மாதங்கள் கழித்து லைலா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஏதோ ஹோட்டல் மேடையில் ஹரீஷ் பேசிக்கொண்டிருந்தான். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் யோசனை ஒரு நாள் விடியற்காலையில், தியானத்தில் இருந்தபோது தனக்குத் தோன்றியதாம்.

"தியானமாம், தியானம்" என்றாள் மோகனா. "கண்ணாடி இல்லாம இவனால கண்ண மூட முடியுமா?"

"கோவம் வரலியாக்கா?"

"வராம? ஆனா செவ்வாக்கிழமை தோள்பட்டைக்குப் புதுசா ஒன்னு சொல்லித் தரேன்னிருக்கான். அதக் கத்துக்கிட்டு அப்புறமா ஏசறேன்."