சிக்கன் கொத்துக்குத் தொள்ளாயிரம் காலடி

“இன்னும் எவ்வளவு கொறையுது?”

“ரெண்டாயிரத்து நானூறு.”

“அப்ப ரெண்டு சிக்கன், ஒரு முட்டை. ஆளு வந்தா முடிஞ்சிரும். நீங்க உக்காந்து டீயக் குடிங்க, கிளாக்கரையா.”

“சீக்கிரம் வரச் சொல்லு வினோஜன். ஏழு மணிக்கு மக பார்ப்பா.”

“நான் எப்படி ஐயா வரச் சொல்றது? ரோட்டுல போறவனப் புடிச்சு இழுத்து, எங்க கிளாக்கரையாவுக்கு ரெண்டாயிரம் கொறையுது, வந்து தின்னுட்டுப் போன்னா சொல்ல முடியும்?”

பொன்னையா பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். உக்குவளைக்கு மேலேயிருக்கும் ஒரு தோட்டத்து ஆபீஸில் இருபத்தாறு வருடங்களாகக் கிளாக்கராக உட்கார்ந்தே வேலை பார்த்த மனிதர் அவர். எந்த நாற்காலியைக் கண்டாலும், பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் அவருடைய உடம்பு குழைந்துவிடும். எதிரே, பெரிய இரும்புத் தட்டுக்குப் பின்னால், கொத்துத் தகடுகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வினோஜன் ரோட்டைப் பார்த்தபடி நின்றான். பதினைந்து வருடமாகக் கொத்து ரொட்டி கொத்தித் திரண்டுபோன அவனுடைய வலது புஜத்தில் ஒரு கறுப்புப் பட்டி. பட்டியின் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பொன்னையாவின் போன்.

அந்த நேரத்தில் பொன்னையா நடந்துகொண்டிருந்தார். அதாவது, கொழும்பில் வேலை செய்யும் மகள் சுதர்சினியின் போனிலும், வீட்டிலிருக்கும் மனைவி கமலாட்சியின் மனதிலும், அவர் சொல்லிவைத்திருந்தபடி சுதுகங்கைப் பாலத்தைத் தாண்டிக் கைகளை வீசி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. “மல்லி, சிக்கன் தெகக்!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் இரண்டு சிக்கன் கொத்துக் கேட்டது.

“வந்துட்டான் ஐயா, உங்க ஆளு,” என்றான் வினோஜன்.

தகடுகள் தட்டில் இறங்கின. டக்கு டக்கு டக்கு டக்கு. உக்குவளையில் மாலை ஆறு மணிக்குப் பிறகு இந்தச் சத்தம் கேட்காத வீடு குறைவு. ரொட்டி துண்டு துண்டாகித் துள்ளியது, லீக்ஸ் பறந்தது, முட்டை உடைந்து எல்லாவற்றையும் சமாதானம் செய்துவைத்தது. வினோஜனின் புஜம் அதிர்ந்த ஒவ்வொரு தடவையும் உறைக்குள் இருந்த போன், பொன்னையா இன்னோர் அடி எடுத்து வைத்துவிட்டதாக நம்பியது.

இதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

ஒரு மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் டொக்டர் அவருடைய சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிறகு அவருடைய வயிற்றைப் பார்த்துவிட்டு, தினமும் நடக்கச் சொன்னார். சுதர்சினி தன் முதல் சம்பளத்தில் அந்தக் கைப்பட்டியை வாங்கிப் பார்சலில் அனுப்பினாள். “போனச் சட்டைப் பைல வச்சா கீழ விழுந்திரும்பா. இதுல போட்டுக் கையில கட்டிக்குங்க. நீங்க எத்தன ஸ்டெப்ஸ் நடக்குறீங்கன்னு எனக்கு இங்க காட்டும். தினமும் பத்தாயிரம். சரியா?”

முதல் நாள் அவர் உண்மையாகவே நடந்தார். வீட்டிலிருந்து வினோஜன் கடை வரைக்கும் ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. உலகத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது போலிருந்தது. மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தவரிடம், “என்ன ஐயா கையில, பிரஷர் மெசினா?” என்று கேட்டான் வினோஜன். காட்டினார். ஆசைப்பட்டான். கர்ர்ரென்று ஒட்டுப்பட்டையைப் பிரித்து அவன் கையில் கட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். கொத்தி முடித்து அவன் பட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பொன்னையா ஐயாயிரத்து முந்நூறு அடி நடந்திருந்தார்.

அன்று சுதர்சினியிடமிருந்து போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அப்பா! மொத நாளே அஞ்சாயிரமா! ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன்பா. எனக்கு அழுகையே வந்திருச்சு.”

பொன்னையா அதை மூன்று தடவை கேட்டார். இரண்டு தடவை அறையில், ஒரு தடவை பாத்ரூமில். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் தோட்டத்துத் துரை ஒரே ஒரு தடவை, “பொன்னையா, உன் கையெழுத்து பரவாயில்ல,” என்று சொன்னதுதான் அவருக்குக் கிடைத்த பாராட்டு. அதையும் சொன்ன துரை மாற்றலாகிப் போய்ப் பதினேழு வருடம்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிட நினைத்தார். மறுநாள் மழை. மழைக்கு ஆட்கள் சுடச்சுடக் கொத்துத் தின்ன வந்தார்கள். எண்ணாயிரம்.

அதற்குப் பிறகு அது ஒரு தொழில்போல் ஆகிவிட்டது. சிக்கன் கொத்துக்குத் தொள்ளாயிரம், முட்டைக் கொத்துக்கு அறுநூறு. சீஸ் கொத்துக்கு வெறும் நானூறுதான். அதைக் கொத்துவதைவிடக் கிண்டுவதுதான் அதிகம். யாராவது சீஸ் கேட்டால் பொன்னையாவின் முகம் வாடிவிடும். “தம்பி, சீஸ் ஒடம்புக்குக் கூடாது, சிக்கன் சாப்பிடுங்க,” என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் புத்தி சொன்னார். சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்ததால் வினோஜனுக்கு லீக்ஸ் நறுக்கிக் கொடுத்தார். நறுக்கினால் பசித்தது. பசித்தால் பக்கத்திலேயே தட்டு இருந்தது.

“இம்புட்டு நடக்குறீங்க, பெல்ட்டு ஓட்டை மட்டும் முன்னுக்கு முன்னுக்குப் போகுதே,” என்றாள் கமலாட்சி.

“அது சதை இறுகுது கமலா. மொதல்ல அப்படித்தான் ஊதும்.”

“அப்படியா? அப்ப இன்னும் ரெண்டு ரொட்டி வச்சுக்குங்க. நடக்கிற மனுசனுக்குத் தெம்பு வேணாமா?”

மகள் ஒருத்திதான் எண்களை எண்களாகப் பார்த்தாள். ஒருநாள் போனில் கேட்டாள்: “அப்பா, ஒண்ணு கவனிச்சேன். வெள்ளிக்கிழமைன்னா பதினாலாயிரம். மழை பேஞ்சாலும் கூடுது. பௌர்ணமிப் போயா லீவு அன்னைக்கு மட்டும் இருநூத்திப் பன்னெண்டு. என்னப்பா, விகாரையில சில் எடுத்து விரதம் இருந்தீங்களா?”

போயாவுக்கு வினோஜன் கடையைப் பூட்டிவிடுவான் என்று எப்படிச் சொல்வது? “அன்னைக்குக் காலு ரெஸ்ட் கேட்டுச்சும்மா,” என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இழந்துவிடக் கூடாது என்ற பயத்தில் அடுத்த நாள் பதினையாயிரம் நடந்தார்.

நான்காவது சனிக்கிழமை சுதர்சினி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர். “புதுச் செருப்பு கடிச்சிருச்சா?” என்று கமலாட்சி கேட்டதற்கு “ம்” என்று மட்டும் சொன்னாள். சாயந்தரம் முகம் கழுவிக்கொண்டு வந்து அப்பா முன்னால் நின்றாள்.

“வாங்கப்பா. ரெண்டு பேரும் சேர்ந்து நடப்போம். அதுக்குத்தான் லீவு போட்டு வந்தேன்.”

“இன்னைக்கு முழங்காலு கொஞ்சம்…”

“பதினையாயிரம் நடக்கிற முழங்காலுக்கு என்ன வந்துச்சு?” என்றாள் குசினியிலிருந்து கமலாட்சி.

சுதர்சினி ஆணியில் தொங்கிய பட்டியை எடுத்து அப்பாவின் கையில் கட்டினாள். வினோஜனின் புஜத்துக்கு அளவெடுத்துப் பழகிய பட்டி, மாப்பிள்ளை மாறிவிட்ட மாலைபோல நழுவி முழங்கைக்கு வந்து நின்றது. அவள் குனிந்து இறுக்கினாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

“அப்பா, உங்க வேர்வை ஏன் கறி வாசம் அடிக்குது?”

“அம்மா சமையல்…”

ஒட்டுப்பட்டையின் மயிரிழைகளுக்குள் மாட்டியிருந்த எதையோ அவள் நகத்தால் கிள்ளி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். மெல்லிய, சுருண்ட, பச்சையும் வெள்ளையுமான ஒரு துண்டு.

“லீக்ஸ்,” என்றாள் கமலாட்சி எட்டிப் பார்த்து.

“மரக்கறித் தோட்டத்துப் பக்கமா நடப்பேன்,” என்றார் பொன்னையா. நறுக்கிய லீக்ஸ் எந்தத் தோட்டத்தில் விளைகிறது என்று இருவரும் கேட்கவில்லை.

ரோட்டில் இறங்கி நடந்தார்கள். அவர் வேகமாக நடக்கப் பார்த்தார். தொள்ளாயிரத்தில் மூச்சு இரைத்தது. ஆயிரத்து நூற்று நாற்பதாவது அடியில் வினோஜன் கடை, அதற்கு முன்னால் வழக்கம்போல் கூட்டம். கண்களால் வினோஜனைக் கெஞ்சினார். கண்ணால் பேசுகிற பாஷை வினோஜனுக்குத் தெரியாது.

“கிளாக்கரையா! எங்க போயிட்டீங்க? நாலு சிக்கன் வேஸ்டாப் போச்சு! சீக்கிரம் பட்டியக் கொண்டாங்க!”

சுதர்சினி அப்பாவைப் பார்க்கவில்லை. பட்டியைக் கழற்றி நேராகக் கடைக்குள் போய், “அண்ணே, கையக் காட்டுங்க,” என்றாள்.

“யாரு, மகளா?” வினோஜனின் வாய் திறந்தபடியே நின்றது.

“ஒரு சிக்கன் கொத்து போடுங்க. பார்க்கணும்.”

அவன் கொத்தினான். வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக அவன் கொத்தியதே இல்லை. முடிந்ததும் அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

“தொள்ளாயிரத்துப் பன்னெண்டு.”

“தொள்ளாயிரம்னு ஐயா சொன்னது சரிதான்,” என்று பெருமையோடு சொல்லிவிட்டு வினோஜன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இருவரும் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். வீட்டுப் படி தெரிந்த பிறகுதான் அவள் சொன்னாள். “நான் ஆபீஸ் விட்டு பஸ்ல வர்றதில்லப்பா. நடந்துதான் வர்றேன். கொள்ளுப்பிட்டியில இருந்து வெள்ளவத்தைக்கு. ஆபீஸ் இருக்கிற ஒரு நாளாவது உங்கள முந்தணும்னு. வெள்ளிக்கிழமையில திரும்பக் கொள்ளுப்பிட்டி வரைக்கும் நடந்தும் முடியல.” நின்று ஒரு குதிகாலைத் தூக்கிப் பிளாஸ்டரைச் சரிசெய்தாள். “கொத்துத் தட்டோட போட்டி போட்டிருக்கேன்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஞாயிறு காலை ரயிலில் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவர் ஆயிரத்து நூற்று நாற்பது நடந்து, ஆட்டோவில் திரும்பினார். வாய்ஸ் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆயிரத்து இருநூறு. வரவில்லை. போனை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தார். போனில் பழுது எதுவும் இல்லை.

புதன்கிழமை கடையடியில் நின்று மூச்சு வாங்கியபோது வினோஜன் கையை நீட்டினான். “கொண்டாங்க ஐயா. இன்னைக்குக் கல்யாண வீட்டு ஓடர், முப்பது பார்சல். ஒரே நாள்ல இருபத்தேழாயிரம்!”

இருபத்தேழாயிரம். பொன்னையா கண்ணை மூடித் திறந்தார். “வேணாம்,” என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல, வீட்டிலிருந்து நடந்து வந்ததைவிட அதிக மூச்சு தேவைப்பட்டது.

மகளுக்குத் தானே ஒரு வாய்ஸ் அனுப்பத் தீர்மானித்தார். பிளாஸ்டிக்குக்கு மேலேயே விரலை அழுத்தி, முழங்கையை உயர்த்தி, தன் தோளோடு பேசத் தொடங்கினார். “சுதா, அப்பா…” பின்னால் டக்கு டக்கு டக்கு டக்கு. அழித்தார். இந்தச் சத்தம் கேட்டால் எவள்தான் நம்புவாள்?

பார்மசி வரைக்கும் போனார். டக்கு டக்கு. பள்ளிவாசல் மதில் வரைக்கும் போனார். அங்கேயும் மெல்லியதாக டக்கு டக்கு. முப்பது பார்சலையும் அவன் இன்றைக்கே கொத்த வேண்டுமா? ரயில் கேட்டில் நின்று காதைக் கூர்மையாக்கினார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசி, விடாமல் துரத்தி வந்து காதுக்குள் கொத்தியது. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. ஒரு ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, “எங்க போகணும் அண்ணே?” என்று கேட்டார். “சத்தம் கேட்காத எடத்துக்கு,” என்றார் பொன்னையா. அந்த மனிதர் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வண்டியை வேகமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுதுகங்கைப் பாலத்துக்கு வந்த பிறகுதான் தகடுகளின் சத்தம் அற்றுப்போனது. ஒரு மாதமாகத் தினமும் மகளின் போனில் அவர் கடந்துகொண்டிருந்த பாலம். கால்களால் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். கீழே தண்ணீர் கல்லில் மோதிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, எண்ணைப் பார்த்து, முழங்கையை உயர்த்தினார்.

“சுதா, அப்பா பேசுறேன். பாலத்துல நிக்கிறேன். ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினெட்டு. நல்லாக் கேட்டுப் பாரு, ஆத்துச் சத்தம் மட்டுந்தான். மூச்சு இரைக்கிறது நான்தான், வினோஜன் இல்ல. இனி திரும்பியும் நடக்கணும், அத நான் வரும்போது யோசிக்கல.” கொஞ்சம் நின்று மூச்சை இழுத்தார். “ஒன்னை முந்த என்னால முடியாது புள்ள. நீ பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம், அழவும் வேணாம். முன்ன மாதிரி ‘அப்பா’ன்னு மட்டும் ஒரு வாய்ஸ் அனுப்புறியா?”