சர்க்கரை பிடித்த உருண்டைகள்

அருந்ததி கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். காலையில் அதில் உப்புத் தண்ணீர் விட்டிருந்தாள். மதியமாகியும் பால் பாலாகவே இருந்தது.

"ஷரீஃபா அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

அது உண்மையில் பால் அல்ல. தலைமயிரின் கனத்தைவிடப் பல மடங்கு சிறிய பிளாஸ்டிக் உருண்டைகள் மிதக்கும் தண்ணீர். இரத்தப் பரிசோதனைக்கு அவை உதவும். ஆனால் உப்போ ஏதாவது புரதமோ பட்டால் கண்டபடி ஒட்டிக்கொண்டு திரிந்துவிடும். அதைத் தடுக்க அவற்றின்மேல் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிணைக்க வேண்டும். 1986இல் பினாங்குக்குப் படிக்க வந்த நாளிலிருந்து அருந்ததி அதற்குத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கூட உதவியாளர் ஷரீஃபா குழாயைக் குலுக்கிப் பார்த்தாள். "சர்க்கரை பிடிச்சிருச்சு லா."

"நிஜமாவே மேல பிடிச்சிருக்கான்னு பாத்துரலாம்க்கா."

சர்க்கரையைத் தேடிப் பிடிக்கும் புரதம் ஒன்று குளிர்பெட்டியில் இருந்தது. அவரை விதையிலிருந்து எடுத்தது. உருண்டைகள்மேல் சர்க்கரை இருந்தால், அது அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துவிடும். அருந்ததி ஒரு துளி விட்டாள். கண்ணெதிரே பால் திரிந்து, வெள்ளைத் துகள்களாக அடியில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய மேற்பார்வையாளர் டாக்டர் அம்பிகைபாகன், வீட்டுக்குப் போகும் ஃபெரிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில், குடையும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் திரிஞ்சுபோச்சா? எந்தப் புரதம் பட்டாலும் ஒட்டிக்குது. விட்டுரும்மா, வேற ஆராய்ச்சி பாக்கலாம்."

"இல்ல சார், இது சர்க்கரையத்தான் பிடிச்சிருக்கு. நில்லுங்க, காட்டுறேன்."

புரதத்துக்கு வேண்டியது சர்க்கரைதான் என்றால், அது தண்ணீரிலேயே தாராளமாகக் கிடைக்கும்போது உருண்டைகளை விட்டுவிட வேண்டும். அருந்ததி சர்க்கரைக் கரைசலை ஊற்றினாள். மெல்லக் கலக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

துகள்களின் ஓரம் மங்கியது. ஒன்று கலைந்தது. பக்கத்திலிருந்ததும் கலைந்தது. பிறகு எல்லாம் சேர்ந்து கலைந்து, குழாய் நிறைய மறுபடியும் பால்.

ஷரீஃபா அருந்ததியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. அருந்ததியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததை அவளே கவனிக்கவில்லை.

டாக்டர் குடையை மேசைமேல் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"சார், ஃபெரி?"

"அடுத்தது வரும். முதல்லேருந்து இன்னொரு தடவ செய்ம்மா. இந்தத் தடவ அந்தப் புரதச் சொட்ட நான் விடுறேன்."