கல்பும் இன்கிலாபும்

ஆத்திரத்தில் வாயை விட்டுவிட்டு அப்புறம் வருந்துவது எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வாய்த்த குணம். அண்ணன் இத்ரீஸ் அப்படியில்லை. தென்காசியில் பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருந்தான். ஊர்வலத்தில் ‘இன்கிலாப் ஜிந்தாபாத்’ என்று கத்தும்போது மட்டும் கழுத்து நரம்பு புடைக்கும்.

ஆறு வருடத்துக்கு முன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது, பள்ளிவாசல் வாசலில் ஜமாஅத்தார் முன்னால் அவனை நிறுத்திக் கேட்டேன்.

“எப்பப் பார்த்தாலும் இன்கிலாப், இன்கிலாப்! அது நம்ம வார்த்தையா? ஒன் கல்பு செத்துப்போச்சுலே!”

மூத்தவனை, நெஞ்சே செத்தவன் என்று ‘லே’ போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

போன ரமலானில், கூட வேலை பார்க்கும் எகிப்துக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். இன்கிலாப் அரபிச் சொல்தானாம். புரண்டு மாறுவது என்று பொருளாம். கல்பும் அதே வேரில் பிறந்ததாம். ஒரு நிலையில் நில்லாமல் புரண்டுகொண்டே இருப்பதால்தான் நெஞ்சுக்கு அந்தப் பெயர் என்பார்களாம்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அரபியை எழுத்துக்கூட்டி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. இந்த லட்சணத்தில் அண்ணனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். வாய்ஸ் மெசேஜில் “அண்ணே” என்று ஆரம்பித்து, அழித்தேன். ஆடியில் லீவு. ஐந்தருவிக்குக் கூட்டிப்போய் நேரில் சொன்னால்தான் மரியாதை என்று நினைத்தேன். உண்மையில் அது வீம்பு.

ஆனியிலேயே மதினி நஸீபா போன் செய்துவிட்டாள். மாரடைப்பு. எனக்காக அடக்கத்தை அஸர் தொழுகைவரை தள்ளி வைத்திருந்தார்கள்.

ஜனாஸா தொழுகைக்கு முன், இறந்தவருக்காக அவர் வீட்டு ஆண் ஒருவர் கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். வாப்பா இல்லை, அண்ணனுக்கு ஆண்பிள்ளையும் இல்லை. இமாம் என்னை முன்னால் நிறுத்தினார்.

“எங்க அண்ணன் பேச்சாலயோ செயலாலயோ ஒங்க மனசை நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிடுங்க.”

“பொறுத்துக்கிட்டோம்” என்றது கூட்டம்.

வாசலில் சாரலில் நனைந்தபடி நின்ற சங்கத்துப் பாண்டி உடைந்து அழுதார். “அண்ணாச்சி யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்லையே!”

சொன்னவன் நான். அவன் சொல்லாத சொல்லை அத்தனை பேரும் என் கண்முன்னே பொறுத்துக்கொண்டார்கள். நான் சொன்னதைப் பொறுக்க வேண்டியவன், எனக்குப் பின்னால் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான்.