இரவில் அதுவும் பேசாதீர்கள்

மார்ச் 12, வியாழன்.

சின்னத் தவறு ஒன்று செய்துவிட்டேன். மரியாதையால் வந்த தவறு. அதை எப்படி வகைப்படுத்துவது என்று கணினிப் பாதுகாப்பு மாலை வகுப்பில் இன்னும் சொல்லித் தரவில்லை.

எங்கள் பசைக் கம்பெனியில் போன வாரம் ரகசியக் கொள்கை வந்தது. போட்டிக் கம்பெனியின் புதுப் பசை நம்முடையதைப் போலவே ஒட்டுகிறதாம். அதனால் கலவைக் குறிப்புகள் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து பூட்ட வேண்டும். பாதுகாப்பு ஆலோசகர் முதலாளியின் மச்சான். தகுதி: முதலாளியம்மாவின் தம்பி.

கடவுச்சொல்லை எங்கும் எழுதக் கூடாது, வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது கொள்கை. அதை முதலாளி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் லாரிக்கும் கேட்கும்படி விளக்கினார். பிறகு, "பகலில் பக்கம் பார்த்துப் பேசு. இது குறிப்பு. மிச்சம்தான் கடவுச்சொல். எவன் கண்டுபிடிப்பான்?" என்றார்.

பழமொழி தெரியாத ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. கணினியெல்லாம் என் பொறுப்பு, நேற்று மாலை பூட்டியதும் நான்தான். ஆனால் 'பேசாதே' என்று அடிக்கும்போது விரல் நின்றது. தினமும் காலையில் முதலாளி தன் கையாலேயே தன்னைப் பார்த்து 'பேசாதே' என்று அடிப்பதா? 'பேசாதீர்கள்' என்று போட்டேன். சொல்ல நினைத்தேன். தேர்வுப் படிப்பில் மறந்துவிட்டேன்.

இன்று காலை முதலாளி அடித்தபோது கோப்பு திறக்கவில்லை. சரக்கு எடுக்க வந்தவர் சோபாவில் காத்திருந்தார். அவர் போட்டிக் கம்பெனியிலும் வாங்குகிறவர். கோப்பைத் திறக்க அனுமதி உள்ள இன்னொருவர், கலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

"கடவுச்சொல் என்னம்மா?"

"இரவில் அதுவும் பேசாதே."

"என்னது?"

"பாத்தீங்களா அத்தான், உங்களையே பேசாதேங்கறாங்க!" என்றார் மச்சான்.

அக்கா அடித்துக் காட்டினார். திறக்கவில்லை. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாத்திட்டாங்க. அந்தக் கம்பெனிக்காரன் இவங்களை வேலைக்குக் கூப்பிட்டானே, ஞாபகம் இருக்கா?"

"கூப்பிட்டாங்க, போகலை. அதை நானே வந்து சொன்னேன்," என்றார் அக்கா.

"சாயங்காலத்துக்குள்ள சரியான சொல்லைக் கொடும்மா. இல்லைன்னா கணக்கை முடிச்சுக்க. உளவாளிக்கு இங்க இடமில்லை," என்றார் முதலாளி.

"அவங்களுக்கு நல்லது செய்யணும்னா நான் எதுக்கு உளவு பார்க்கணும்? உங்க மச்சான் இங்கயே இருந்தா போதுமே!"

சோபாக்காரர் இருமினார். நான் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். முதலில் சரிபார், பிறகு பேசு என்பார் எங்கள் ஆசிரியர். என் இடத்துக்குப் போய் 'பேசாதீர்கள்' போட்டேன். திறந்தது. மூடிவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் திறந்தது. அந்த இரண்டாவது முறை தேவையே இல்லை. அந்த நேரம் முழுக்க அக்கா அங்கே உளவாளியாக நின்றிருந்தார்.

போய்ச் சொன்னேன். முதலாளி என்னை உற்றுப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குப் 'பேசாதே'ன்னு அடிக்க மனசு வரலையா தம்பி?"

உடனே எல்லாரையும் கூப்பிட்டு, "இரவில் அதுவும் பேசாதீர்கள்! மரியாதைன்னா இது!" என்று உரக்கப் படித்துக் காட்டினார். சோபாக்காரர் கைதட்டினார்.

அக்கா நகரவில்லை. "உளவாளின்னு சொன்னீங்களே, அதைத் திருப்பி வாங்கிக்கங்க."

"அடடா, நாலு சுவத்துக்குள்ள ரகசியமாத்தானேம்மா சொன்னேன்! வெளியில யாருக்குத் தெரியும்? போய் வேலையைப் பாரு."

அக்கா மேலங்கியைக் கழற்றி முதலாளியின் மேஜை மேல் மடித்து வைத்தார்.

"ராத்திரி மட்டும் இல்லைங்க, பகல்லயும் பேசாதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கோப்பு இப்போது நன்றாகத் திறக்கிறது. கலக்கத்தான் ஆள் இல்லை. மச்சான் முயன்றார்; கையுறை வாளியோடு ஒட்டிக்கொண்டது.

நாளை: முதலில் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பிறகு அலுவலகத்தில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.