குதிக்கும் முள்

மாரியப்பன் கத்தி முனையை வாட்சின் பின்மூடியில் செருகியபோது கட்டிலில் கிடந்த தாவூது கண் திறந்தார்.

"மெதுவா தொற. அதுக்கு வலிக்கப் போவுது."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர் இருமினார். மகள் வஹிதா அத்தாவின் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள். பாலக்கோட்டுக்கு வந்து படுக்க வைத்ததும் அவர் கேட்டது தண்ணீர் அல்ல, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் மாரியப்பனை.

வாட்ச் துபாயிலிருந்து வந்தது. அண்ணன் சுபான் போன பெருநாளுக்கு ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அவன் சூப்பர்வைசர் ஆகிவிட்டானாம். அசல் சுவிட்சர்லாந்து வாட்சாம், பெரிய கடையில் வாங்கினானாம். அன்றிலிருந்து பள்ளிவாசலுக்கும் புளி மண்டிக்கும் அத்தா அதைக் கட்டாமல் போனதில்லை. இப்போது கை மெலிந்து, செயின் முழங்கை வரை வழுகியது.

மாரியப்பன் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"சொல்லு மாரியப்பா."

"நல்ல வாட்ச்சுங்க பாய்."

"அத நான் கேக்கல. நொடி முள்ளு குதிச்சுக் குதிச்சுப் போவுது. அசல்ல அது வழுக்கிட்டுல்ல போவும்? உங்கடையிலயே பாத்திருக்கேன்."

மாரியப்பன் லென்ஸைக் கழற்றினார்.

"டூப்ளிகேட்டுதாங்க. அசல்னா மூடிய திருகித்தான் கழட்டணும், கத்திக்கு வராது. உள்ள பிளாஸ்டிக் மெஷினு, செல்லுல ஓடுது. தேதி மேல வச்சிருக்கற கண்ணாடியும் சும்மா பேருக்கு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஹமீதுன்னிசா வாசல்படியில் வந்து நின்றாள்.

"எனக்கு வந்த அன்னிக்கே தெரியும்," என்றார் அத்தா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "புள்ள ஏமாந்துட்டானா, இல்ல நம்மள ஏமாத்தறானா? அத மட்டும் பாத்துச் சொல்லு."

மாரியப்பன் மூடியை அழுத்திப் பூட்டினார். துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"மேல் வேல ரொம்ப சுத்தம் பாய். முலாம் பேரல. எழுத்துல ஒரு கோணல் இல்ல. யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க. புள்ள ஏமாந்துட்டான்."

நின்ற இடத்திலிருந்தே வஹிதாவுக்குத் தெரிந்தது, டயலில் இருந்த பெயரில் ஓர் எழுத்து சாய்ந்திருப்பது.

"அப்ப சரி," என்று அத்தா கையை நீட்டினார். "கட்டி வுடு. அவங்கிட்ட யாரும் சொல்லிக்காதீங்க. பாவம்."

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன் அவர் மூச்சு அடங்கியது. குளிப்பாட்ட வந்தவர்கள் வாட்சைக் கழற்றி வஹிதாவிடம் கொடுத்தார்கள்.

ரைஸ் மில்லில் புக் செய்திருந்த டிரங்க் கால் கிடைத்தபோது அவள் ஓடினாள்.

"வர முடியாது பாப்பா. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரங்க கையில இருக்கு," என்றான் சுபான். அவனுக்குப் பின்னால் ஏதோ மிஷின் கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்தது. "அத்தா வாட்ச்ச கட்டியிருந்தாரா?"

"கடேசி வரைக்கும் கையிலதாண்ணே இருந்துச்சு."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அத எங்கியும் காட்டிக்கிட்டிருக்காத. நீயே வச்சுக்க."

வஹிதா ரிசீவரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"காட்ட மாட்டண்ணே."

அங்கே யாரோ அவனை அதட்டிக் கூப்பிட்டார்கள். "ஜீ ஸாப், ஜீ ஸாப்" என்று அவன் ஓடுவது கேட்டது. லைன் அறுந்தது.

அவள் வீடு திரும்பியபோது ஆண்கள் அத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள். அம்மா உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னான்?"

"அழுதாம்மா. ரொம்ப அழுதான்."

அம்மா தலையாட்டினாள். மடியில் அத்தாவின் சட்டை கிடந்தது. ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கழற்றியது. அதை உதறி நேராக்கி, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.