இரண்டு மூக்குகளின் காவல்

ஆகஸ்ட் இருபத்தைந்து லுட்விக்கின் பெயர்த் திருநாள், அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் நாள். போரெம்பா ஊரில் பெயர்த் திருநாளுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்தவர்கள் எல்லோரும் நாலு மணிக்குப் பூவும் புட்டியுமாக வந்து நிற்பார்கள். வந்தவர்களுக்குப் பானை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அடுத்த வருஷம் வரை அதைச் சொல்லிக் காட்டியே மனுஷனைத் தேய்த்துவிடுவார்கள்.

பானை என்றால் மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புப் பானை. உள்ளே பன்றிக் கொழுப்பைத் தடவி, முட்டைக்கோஸ் இலைகளைச் சுற்றிலும் ஒட்டி, அதற்குள் உருளைக்கிழங்கு வில்லைகள், வெங்காயம், கேரட், பீட்ரூட், வட்டமாக நறுக்கிய புகையூட்டிய சாசேஜ், கொழுப்புக் கறி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். மேலே மறுபடியும் இலை. அதன்மேல் மூடியை வைத்துத் திருகாணியால் இறுக்கி நெருப்பில் வைத்தால், இறக்கும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் ஆவி போய்விடும். ஆவி போனால் கிழங்கு அரைவேக்காடாகக் கிடக்கும். வெந்ததா இல்லையா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். முதலில் முட்டைக்கோஸ் வாசனை வரும், பிறகு வெங்காயம், பிறகு சாசேஜ். கடைசியில் கொழுப்பில் கிழங்கின் ஓரம் சிவக்கும் வாசனை வரும். அப்போது இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் பத்து நிமிஷம் விட்டால் அடி கரிதான். கடிகாரத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. விறகு ஒரு நாள் போல ஒரு நாள் எரிவதில்லை.

இந்தப் பானை லுட்விக்கின் மாமனாருடையது. நியாயமாக மகன் புரோனெக்குக்குப் போயிருக்க வேண்டும். புரோனெக் பதினேழு வயதில் ஒருமுறை பொறுமையில்லாமல் மூடியைத் திறந்துவிட்டான். "திறந்து பாக்குறவனுக்கு எதுக்குடா பானை, வாணலி போதும்" என்று சொல்லிவிட்டு, கிழவர் அதை மருமகனிடம் கொடுத்துவிட்டார். கிழவர் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. புரோனெக் இன்னும் ஆறவில்லை. போன வருஷம் இதே நாளில், இரண்டு கிளாஸ் உள்ளே போனதும், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"அத்தான், ஒரே ஒரு தடவ நீங்க கருக்கிட்டா பானை எங்க வீட்டுக்கு வந்துரணும். சரியா?"

"கருகட்டும், அப்ப எடுத்துக்க மாப்ளே" என்றார் லுட்விக். எல்லோரும் கைதட்டினார்கள்.

கை தட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. லுட்விக்குக்கு மூக்கு செத்து அப்போதே ஒரு வருஷம். குடும்பத்தில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போய்வந்த வாரம் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வாசனை போனது, எல்லோருக்கும் திரும்பியும் வந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், மற்றதெல்லாம் ஈர அட்டையை மெல்லுகிற மாதிரி. மனைவி டனூட்டாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் தம்பியிடம் சொல்லுவாள், பானை போய்விடும். முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்கு ஊரில் மரியாதை என்று மிச்சமிருந்தது அந்தப் பானை ஒன்றுதான். அது போனால் தான் யாருமில்லை என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

இரண்டு வருஷம் எப்படிச் சமாளித்தார் என்றால், பக்கத்து வீட்டு விட்டோல்டின் புண்ணியம். நல்ல மூக்கு அவருக்கு, அதைவிட நல்ல வாய். கிழங்கு சிவக்கிற நேரத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அடேயப்பா, கொல்றீங்களே மனுஷன!" என்று கத்துவார். அதுதான் லுட்விக்குக்கு மணி. இந்த வருஷம் விட்டோல்ட் மகளோடு கடற்கரைக்குப் போய்விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நாய்கூட இல்லை.

அன்று நாலரைக்குப் பானை நெருப்பில் ஏறியது. ஐந்து மணிக்குத் தூறல் விழுந்தது. பெண்களும் விருந்தாளிகளும் கேக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். காற்று வீட்டிலிருந்து வயல் பக்கமாக அடித்தது. நெருப்படியில் குடையோடு லுட்விக் மட்டும் நின்றார். அப்போதுதான் இன்னொரு குடையைப் பிடித்துக்கொண்டு புரோனெக் வந்தான்.

"என்ன மாப்ளே, கேக் புடிக்கலயா?"

"பானைய பாக்க வந்தேன். நாளைக்கு என் வீட்டுக்கு வரப்போற பொருளாச்சே."

வேறு நாளாயிருந்தால் லுட்விக் சுள்ளென்று ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார். இன்று அவருக்கு உயிர் வந்தது. நடமாடும் மூக்கு ஒன்று தானாக வந்து பக்கத்தில் நிற்கிறது! அதைப் பேச வைத்தால் போதும்.

"அப்படி என்ன பெரிய மூக்கு உனக்கு? எங்க சொல்லு, இப்ப என்ன வாசன வருது?"

புரோனெக் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்தான். "கோசு" என்றான்.

"சரிதான்" என்றார் லுட்விக், தனக்கும் அதுதான் தெரிகிறது என்பதுபோல.

"சரிதானே அத்தான்?" என்று புரோனெக் இன்னொரு முறை கேட்டான். லுட்விக் தலையாட்டியதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மூக்கில்லாத தனக்கு வரவேண்டிய நிம்மதி இவனுக்கு ஏன் வருகிறது என்று லுட்விக் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மழைக்கு நெருப்பு அடங்கியதால் இரண்டு கட்டைகளைக் கூடுதலாகச் செருகினார்.

கால் மணி கழித்து, "இப்ப?" என்றார்.

"வெங்காயம்... வெங்காயந்தானே?"

"வெங்காயமேதான்."

இன்னொரு கால் மணி. "இப்ப சாசேஜ் ஆரம்பிச்சிருக்கும். ஆரம்பிச்சிருச்சா அத்தான்?"

"லேசா" என்றார் லுட்விக்.

"ஆமா, லேசா. நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

இரண்டு பேரும் வெகு கம்பீரமாக நின்றார்கள். கட்டை நன்றாகப் பிடித்து எரிந்தது. திருகாணி ஓரத்தில் வெள்ளையாக வந்துகொண்டிருந்த ஆவி கொஞ்சம் பழுப்பானது. அடுப்புப் புகை கலந்திருக்கும் என்று லுட்விக் நினைத்தார். கிழங்கு சிவந்தால் புரோனெக் சும்மா இருப்பானா, அவனே முந்திக்கொண்டு சொல்லுவானே என்று காத்திருந்தார். அவனோ லுட்விக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று திரும்பியது. வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஏங்க!" டனூட்டாவின் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்டது. "செத்தா போயிட்டீங்க ரெண்டு பேரும்? தீயணைப்பு வண்டி வந்துரும் போலருக்கு!"

இறக்கித் திருகாணியைக் கழற்றினார்கள். மேலே இலையும் இரண்டு அடுக்கும் பிழைத்திருந்தன. கீழே கரி. சாசேஜ் வட்டங்கள் கோட்டுப் பொத்தான்களாகிக் கிடந்தன. விருந்தாளிகள் குடைகளோடு சுற்றி நின்றார்கள்.

புரோனெக்கின் மனைவி இர்மினாதான் கேட்டாள். "ஏங்க, நீங்க பக்கத்துலயே நின்னீங்களே. இந்த நாத்தம் உங்களுக்குமா தெரியல?"

புரோனெக் காது வரை சிவந்து, நெருப்பைக் குனிந்து பார்த்தான். அந்த முகத்தை லுட்விக்குக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். கோசு, வெங்காயம், சாசேஜ் என்று இவன் வரிசையாகச் சொன்னதெல்லாம் அப்பனிடம் கேட்டு மனப்பாடம் செய்தது.

"அவன் சொன்னான்" என்றார் லுட்விக். "எறக்குங்க அத்தான்னு ரெண்டு தடவ சொன்னான். நாந்தான் இன்னும் அஞ்சு நிமிஷம்னு பிடிவாதமா நின்னேன். போன வருஷம் சொன்ன சொல்லு சொல்லுதான். பானை அவனோடது."

யாரோ புரோனெக்கின் முதுகில் தட்டி வாழ்த்தினார்கள். அவன் சிரிக்கக்கூட இல்லை.

பிழைத்த மேல் அடுக்கை எல்லோருக்கும் இரண்டு கரண்டி வீதம் பங்கிட்டு, மோரும் ஊறுகாய் வெள்ளரிக்காயும் வைத்து, டனூட்டா விருந்தை ஒப்பேற்றினாள். மச்சான்கள் இருவரும் தட்டோடு விறகுக் கொட்டகைக்குப் போய் ஆளுக்கொரு கட்டையில் உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருக்கு மாப்ளே?"

புரோனெக் மென்று விழுங்கினான். "சூடா இருக்கு."

"அப்புறம்?"

"உப்பு இருக்கு." தட்டைக் கீழே வைத்தான். "வேற எதுவும் தெரியல அத்தான். அந்த ஞானஸ்நானத்துல இருந்து."

"எனக்கும் அவ்வளவுதான்" என்றார் லுட்விக்.

புரோனெக் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று லுட்விக் பயந்தார். சிரிப்பு.

"நீங்க கைய வச்சா எறக்கலாம்னு நான் ஒங்க கையயே பாத்துட்டு நிக்கிறேன்..."

"ஒன் வாயயே பாத்துட்டு நான் நின்னேன்டா!"

சிரித்து ஓய்ந்ததும் புரோனெக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது? எல்லார் முன்னாலயும் குடுத்துட்டீங்களே."

"சொல்லாத. எடுத்துட்டுப் போ."

ஏழு மணிக்குப் பானையைத் தேய்த்துக் கழுவி, பழைய போர்வையில் சுற்றி, இருவருமாகத் தூக்கிக் காரின் பின்னால் வைத்தார்கள். இர்மினா முன்னால் ஏறிக்கொண்டாள். புரோனெக் டிக்கியை மூடிவிட்டு நின்றான்.

"ஞாயித்துக்கிழம ஏத்தப்போறேன். நீங்க வரணும்."

"நான் வந்து என்ன கிழிக்கப்போறேன்? என் மூக்கு ஒனக்கு எதுக்காகும்?"

"சும்மா பக்கத்துல நில்லுங்க அத்தான்" என்றான் புரோனெக், குரலைத் தாழ்த்தி. "தனியா நிக்க பயமா இருக்கு."