மணி விழுந்த நூல்

தன் நூல் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நூற்றவளே வேண்டிக்கொண்ட கதை எங்கேயாவது உண்டா? நான் வேண்டிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிற நடைபாதையில், பல்லைக் கடித்துக்கொண்டு, போய் வந்து போய் வந்து வேண்டிக்கொண்டேன். எதிரே வந்தவர்கள் எனக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

என் வேலை இதுதான். ஓர் ஊசிக்குழாயில் பிசின் மாதிரி கரைசல். அதை ஒரு சின்ன இயந்திரம் எறும்பு ஊர்கிற வேகத்தில் தள்ளும். ஊசி முனையில் மின்கம்பி, தொட்டால் ஆளைத் தூக்கி எறிகிற அழுத்தம். எதிரே உருளை ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். முனையில் துளி திரண்டு, கூர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இழையாகப் பறந்துபோய் உருளையில் சுற்றிக்கொள்ளும். ஒரு தலைமுடியை நீளவாக்கில் நூறாகப் பிளந்தால் வருகிற பருமன். வேலை முடிந்ததும் உருளையிலிருந்து உரித்தால் வெள்ளையாக ஒரு தாள் வரும், ஊதினால் பறந்துவிடும். எல்லாரும் என்னைச் சிலந்தி என்பார்கள். காற்றில் ஈரம் கூடினால் இழையில் முடிச்சு முடிச்சாக மணி விழும். அன்றைக்கு மட்டும் என் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதத்தில் மூளையில் ஒரு வகை நரம்பு செல்கள் சாகின்றன. அதே வகை செல்லை மனிதத் தோலிலிருந்து வளர்த்தெடுத்து என் நூல்தாளின் மேல் விடுவோம். வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால் அவை சோம்பேறி மாதிரி சுருண்டு கிடக்கும். நோய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. என் நூலைப் பிடித்துக்கொண்டால் மூளைக்குள் ஓடுகிற மாதிரி நீளமாக ஓடும். அப்போது நோயாளியின் செல் தன் நோயைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். இதை நிரூபிக்கத்தான் இத்தனை வருஷப் பாடு.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் செல்லும் வேண்டும். அந்த நோயில்லாத ஒருவர் நான்தான்.

முன்பு ஒரு தடவை, தோல் கொடுக்க ஒப்புக்கொண்ட ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. "அட, இதுக்குப் போயா இவ்வளவு யோசனை?" என்று கையை நீட்டினேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. முழங்கைக்குக் கீழே இன்னும் ஒரு பொட்டுத் தழும்பு இருக்கிறது. செல் வளர்க்கிறவள் அந்தக் குப்பிக்கு 'நலம்' என்று பெயர் வைத்தாள். அவளை நாங்கள் மாமியார் என்போம். என்னைவிடச் சின்னவள், கல்யாணமும் ஆகவில்லை. ஆனால் உள்ளே நுழைகிறவன் கை கழுவினானா, தும்மினானா என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள்.

அப்போது என் அம்மாவின் கை நடுங்கவில்லை.

போன வருஷம்தான் தொடங்கியது. முதலில் காபிக் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. பிறகு சட்டைப் பொத்தான். "இந்த வியாதிக்கு இவங்க வயசு கொஞ்சம் கம்மி. சில குடும்பத்துல இது வம்சத்துல இறங்கும். விருப்பம்னா பிள்ளைங்க ரத்தம் குடுத்துப் பாத்துக்கலாம்," என்றார் மருத்துவர். "விருப்பமில்ல," என்று சொல்லிவிட்டு அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிளாஸ்டிக் தட்டில் நலம் நலமாகத்தான் இருந்தது.

புது நூலில் விட்ட சில வாரங்களில் மாமியார் கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன். நலத்துக்கு உடம்பு சரியில்ல."

நுண்ணோக்கியில் குனிந்தேன். கோடு கோடாக ஓட வேண்டிய இடத்தில் மணி மணியாக இருந்தது.

"இது செல் இல்ல, என் நூல்ல விழுந்த மணி. அதை நூத்த வாரம் காத்துல ஈரம்," என்றேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க நூலை யாராவது குறை சொன்னா மல்லுக்கு நிப்பீங்களே. என்னக்கா ஆச்சு?"

"ஏன், நான் தப்பே பண்ணமாட்டேனா?"

மறுநாள் அவள் சாயம் ஏற்றினாள். அந்தச் சாயம் நரம்பில் மட்டும் ஒட்டும், பச்சையாக ஒளிரும். நூல் இருட்டாகவே இருக்கும். திரையில் மணிகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. என் நூலில் விழுந்த மணி அல்ல. என் நரம்பில் விழுந்த மணி. நோயாளிகளின் செல்லிலும் இதேதான், இதே மாதிரி வீங்கி, இதே மாதிரி அறுந்து.

அதோடு விட்டேனா? வெறும் நூல்தாளை எடுத்துக்கொண்டு மின்னணு நுண்ணோக்கி அறைக்கு ஓடினேன். ஒரு முடிச்சு, ஒரு பிசிறு, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று மூலை மூலையாகத் துழாவினேன். இவ்வளவு அழகான நூலை நான் வாழ்நாளில் நூற்றதில்லை. கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

இன்னொரு வழி இருந்தது. கரைசலில் இருக்கிற திரவம் சரியாகக் காயாமல் நூலில் தங்கியிருந்தால் அது செல்லைக் கொல்லும். இதை எங்கள் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டே சாப்பிடுவார்.

"காயவைக்கத் தெரியாதாம்மா உனக்கு? மாநாடு தலைக்கு மேல வந்து நிக்குது! நூலைப் போல சேலைன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன். நூல் சரியில்லன்னா செல் எப்படி உருப்படும்? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பண்ணு!"

மேடைக்கு மேடை அவர் சொல்கிற பழமொழி அது. பாதிதான் சொல்வார், அவருக்கு அந்தப் பாதிதான் வேண்டும். வேறு நாளாயிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அன்றைக்குத் திட்டு வாங்கி எனக்கு மனம் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்றிருந்தது.

புதிதாக நூற்றேன். இரண்டு மடங்கு நேரம் காயவைத்தேன். மாமியார் சொன்னாள்: "உறைபெட்டியில நோயில்லாத இன்னொரு நல்லவரோட செல் இருக்குக்கா. யாரோ எவரோ, பேர் ஊர் தெரியாது. ஒரே தாளை ரெண்டா வெட்டி, ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நலம். நூல் தப்புன்னா ரெண்டும் போகும்." கத்தரியை நான்தான் பிடித்தேன்.

பிறகு காத்திருப்பு. செல் வளர்வதை எந்தக் கொம்பனாலும் அவசரப்படுத்த முடியாது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. முகம் தெரியாத அந்த நல்லவர் மேல் அப்படியொரு வயிற்றெரிச்சல். அவருடைய செல் செத்தால் நான் பிழைத்தேன். செல்தானே, ஆளா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் தினம் காலையில் எழுந்து ஒருவர் சாக வேண்டும் என்று நினைப்பது நல்ல பிழைப்பா? கோப்பையை எடுத்தால் என் கையைப் பார்ப்பேன். தாளைப் பிடித்தால் அதன் ஓரத்தைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எந்தக் கையும் நடுங்கத்தான் செய்யும்.

"என்னடி, கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிறே? ஒரு இடத்துல உக்காரேன்," என்றாள் அம்மா. காபியில் சர்க்கரை போட்டுக் கரண்டியை உள்ளே விட்டாள். "என் வேலையைப் பாத்தியா? நான் கலக்கவே வேண்டாம். சும்மா பிடிச்சா போதும், அதுவே கலக்கிக்குது." அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"உன் நூல் எப்படி இருக்கு?" தினமும் கேட்பாள். கல்யாணம் எப்போது என்று மகளைக் கேட்கிற அம்மாக்களுக்கு நடுவே நூலைப் பற்றிக் கேட்கிறவள் இவள் ஒருத்திதான்.

"ஏதோ இருக்கு, விடும்மா."

"அதுக்கு ஏன் கடிக்க வர்றே?"

சாயம் ஏற்றிய அன்றைக்கு, மாமியாருக்கு முன்பே போய் நான் திரைக்கு எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் அந்த நல்லவர். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பச்சைக் கோடுகள், வகிடு எடுத்த மாதிரி நேராக ஓடின. ஒரு மணி இல்லை. பிறகு நலம். அதே தாளின் மறுபாதி. மணி, மணி, அறுந்த துண்டு, மணி.

"நூல் தங்கம்க்கா!" என்று மாமியார் துள்ளினாள். "அப்போ நலத்துலதான் ஏதோ..." நலம் யார் என்பது அவளுக்குத் தெரியும். "அக்கா. உங்க வீட்ல யாருக்காவது..."

"அம்மாவுக்கு."

அவள் கையுறையைக் கழற்றினாள். நடு வேலையில் அவள் கையுறை கழற்றி நான் பார்த்ததில்லை. வெறும் கையால் என் தோளைப் பிடித்தாள். "தட்டைப் பாத்து ஆளுக்கு நோய்னு சொல்லக் கூடாதுக்கா. ரத்தம் பாத்தாத்தான். அப்பவும்கூட..."

"தெரியும்டி. ஊருக்கெல்லாம் அதைச் சொல்றதே நாமதானே."

கதவு படாரென்று திறந்தது. அவசரம் திரையைப் பார்த்தார், இரண்டு கையையும் தட்டினார். "ஜெயிச்சுட்டம்மா! நூலைப் போல சேலை! நான் சொல்லல? அந்தப் பக்கம் என்ன, கெட்டுப்போன செல்லா? குப்பையில போட்டுட்டு இவரையே நலம்னு வச்சுக்கலாம்."

"குப்பையில போடாதீங்க சார்," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அது கெட்டுப்போகல. அது நான். எங்கம்மாவுக்கு நடுக்குவாதம் வந்து ஒரு வருஷமாச்சு. நாளைக்கு ரத்தம் குடுக்கிறேன். முடிவு வர்ற வரைக்கும் அதை எந்த வரிசையிலயும் வைக்காதீங்க."

அவசரம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவசரமில்லம்மா," என்றார் மெதுவாக. "ஒண்ணும் அவசரமில்ல." மாமியார் குப்பியில் ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டப் போனாள். "அது இருக்கட்டும்டி," என்றேன்.

பயமாக இருந்தது. வெட்கப்பட என்ன இருக்கிறது? பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா என் வெள்ளை அங்கியை மடியில் போட்டுக்கொண்டு ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பொத்தான் அறுந்திருக்கிறதாம். நூல் ஊசிக் காதைச் சுற்றிச் சுற்றி வந்தது, நுழையவில்லை.

"நல்ல நேரத்துல வந்தே. கோத்துக் குடு."

வாங்கினேன். ஒரே தடவையில் நுழைந்தது.

"உன் நூல் எப்படி இருக்கு?" என்றாள், வழக்கம்போல.

"நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல. இன்னிக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். ஆடுகிற கையால் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். "பின்ன, யார் பொண்ணு? உன் பிடிவாதம், உன் கோபம், உன் கைத்திறன், எல்லாம் இங்கேருந்து வந்ததுடி. தாயைப் போல பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க?"

ஊசியை அவள் விரலில் கொடுத்து, நடுங்காமல் இருக்க என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா சொல்லலம்மா," என்றேன்.